இடதுபக்க முன்சீட்டு

கூட்டேரிப்பட்டு மேம்பாலம் இறங்கியதும் ஏசியைக் குறைக்கட்டுமா என்று வேணி கேட்டாள். பதில் வரவில்லை. முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று பாதி சாலையை அடைத்துக்கொண்டு போனது. அதைத் தாண்டும்வரை அவள் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, நாலாவது கியரிலேயே தாண்டி, இடது தடத்துக்கு வந்து ஐந்தாவது போட்டாள். புருஷன் கோதண்டபாணி ஒன்றும் சொல்லாமல் இருந்தால் சரியாகச் செய்திருக்கிறாள் என்று அர்த்தம்.

“குளுருதாங்க?” என்று மறுபடி கேட்டாள்.

அவர் தலை கதவுக் கண்ணாடியில் சாய்ந்திருந்தது. மடியில் வைத்திருந்த ஃபைல் கால்மாட்டில் சரிந்து கிடந்தது. ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டிருந்த மனுஷன், தூங்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்த நொடியே அது இல்லை என்று தெரிந்தது. முப்பத்து மூன்று வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். அடுத்தவர் ஓட்டுகிற வண்டியில் அவர் கண்ணை மூடி அவள் பார்த்ததே கிடையாது.

கியரிலிருந்து இடது கையை எடுத்து அவர் மணிக்கட்டைத் தொட்டாள். வேர்வை ஆறிப்போன ஈரம். பிடித்து ஆட்டினாள். அவள் ஆட்டிய அளவுக்கு ஆடிவிட்டு, விட்ட இடத்தில் கிடந்தது கை.

அவள் வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தி என்ன செய்வது என்று தெரியவில்லை. முண்டியம்பாக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, அது இதே ரோட்டில் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. காலை அழுத்தினாள்.

இன்ஜின் சுற்று நாலாயிரத்தைத் தாண்டினால்தான் இந்த வண்டிக்கு முழிப்பு வரும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். அவள் அந்த முள்ளை இரண்டாயிரத்து ஐநூறுக்கு மேல் ஏற விட்டதில்லை. இப்போது முள் ஏறியது. வண்டி முதலில் யோசிப்பதுபோல் இருந்துவிட்டு, பிறகு யாரோ பின்னாலிருந்து தள்ளியதுபோல் பாய்ந்தது. வேணிக்குப் பயம் வரவில்லை. நெஜமாத்தான் சொல்லியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். அதைத் தவிர வேறு ஒன்றும் தோன்றவில்லை.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் அவளுக்கு முன்னால் இரண்டு வண்டிகள் நின்றன. முதல் வேனின் ஃபாஸ்டேக்கை எந்திரம் படிக்கவில்லை. டிரைவர் இறங்கி ஏதோ பேசிக்கொண்டிருந்தான். ஹாரன் அடிக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இன்ஜின் ஓட, வரிசையில் காத்திருந்தாள். கையில் ஸ்கேனரோடு வந்த பெண் முன்கண்ணாடியில் காட்டிவிட்டு, உள்ளே குனிந்து பார்த்தாள்.

“சார் தூங்கறாரா?”

“ஆமா,” என்றாள் வேணி.

கட்டை மேலே போனது.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு வாசலில் இரண்டு பேர் தள்ளுவண்டியோடு ஓடி வந்தார்கள். தாழ்ந்த கார் அது. உட்கார்ந்திருப்பவரைத் தூக்குவதற்கு அவர்கள் இடுப்பை மடக்க வேண்டியிருந்தது. சீட் பெல்ட்டின் பொத்தான் அவர்களுக்குப் பிடிபடவில்லை. வேணி உள்ளே சாய்ந்து, அவர் மேல் படாமல் எட்டி அழுத்தினாள். பெல்ட் சுருண்டு போனது. அவரைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். அவளும் பின்னால் போனபோது காவலாளி கையை நீட்டித் தடுத்தார். வாசலில் வண்டி நிற்கக் கூடாது, ஆம்புலன்ஸ் வரும், எடுத்து ஓரம் போட்டுவிட்டு வரச் சொன்னார்.

அவள் திரும்பிப் போய் வண்டியை எடுத்தாள். இரண்டு ஆம்புலன்ஸ்களுக்கு நடுவே ஒரு இடம் இருந்தது. ரிவர்ஸில் ஏற்றினாள். முதல் தடவை கோணலாகப் போனது. முன்னால் எடுத்து நேராக்கி மறுபடி ஏற்றினாள். ஹேண்ட்பிரேக் இழுத்து, கதவைப் பூட்டி, ஃபைலை எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது, அவரைச் சுற்றிப் பச்சைத் திரையை இழுத்து மூடியிருந்தார்கள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். கடைசியாக எப்போது பேசினார் என்று கேட்டாள். வேணி யோசித்தாள். திண்டிவனத்தில் பெட்ரோல் போட்டபோது, டயரில் காற்று பார்க்கச் சொன்னார். அதற்கப்புறம் மேம்பாலம் ஏறும்போது அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அப்போது ஒரு வார்த்தை சொன்னார். அதை டாக்டரிடம் சொல்லவில்லை. கூட்டேரிப்பட்டுக்கு முன்னாடி என்று மட்டும் சொன்னாள்.

“வரும்போதே இல்லம்மா. வண்டியிலயே முடிஞ்சிருக்கும்.”

வேணி தலையாட்டினாள். ஃபைலைப் பிரித்து, வண்டிக் காகிதங்களுக்கு அடியில் இருந்த எக்கோ ரிப்போர்ட்டையும் ஆபரேஷன் தாளையும் எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் நின்றபடியே படித்தாள். இதயம் பம்ப் பண்ணுகிற அளவைப் பார்த்ததும் ஒருமுறை நிமிர்ந்து வேணியைப் பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரிப் போலீஸ்காரர் வந்து பெயர், வயது, விலாசம் கேட்டுக் குறித்துக்கொண்டார். அவர் கேட்ட ஆதார் நகல் ஃபைலில் இருந்தது. வேணி திண்டிவனம் தாலுகா ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். எதற்கும் இரண்டு காப்பி கையில் வைத்திருப்பாள்.

போனில் ஏழு தவறிய அழைப்புகள். நாலு மெக்கானிக் ஆரோக்கியராஜ். மூன்று, காரை வாங்கப்போகிற கோட்டக்குப்பத்து நூருல்லா. பத்து மணிக்கு விழுப்புரத்தில் ஆரோக்கியராஜ் ஷெட்டில் வண்டியை லிஃப்டில் ஏற்றி நூருல்லாவுக்குக் காட்டிவிட்டு, சாவியைக் கொடுத்துவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் பஸ்ஸில் திரும்புவதாக ஏற்பாடு.

ஆரோக்கியராஜை அழைத்தாள்.

“எங்க இருக்கீங்க அக்கா? பாய் வந்து ஒக்காந்துக்கினு இருக்காரு.”

“வர முடியல ஆரோக்கியம். அவரு போயிட்டாரு.”

“எங்கக்கா போயிட்டாரு? இன்னிக்கு வண்டி குடுக்கறோம்னு அவருதானே சொன்னாரு?”

அவளுக்கு அந்தச் சொல்லைச் சொல்ல வாய் வரவில்லை. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், வாங்க என்றாள். அவன் உடனே கிளம்பினான்.

பிறகு ஓசூரில் வேலை பார்க்கும் மகள் சங்கவிக்கும், கோதண்டபாணியின் தம்பி சின்னதுரைக்கும் சொன்னாள். சங்கவி போனைக் கீழே வைத்துவிட்டு அழுவது கேட்டது. வேணி அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பஸ்ஸில் வராதே, கார் பிடித்து வா என்று சொல்லி வைத்தாள். தனக்கு ஏன் அழுகை வரவில்லை என்று பார்த்தாள். கையும் காலும் தன்னுடையவைதான். மற்றதெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பதுபோல் இருந்தது.

சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தாள். சன்னல் வழியே வண்டி தெரிந்தது. கருஞ்சிவப்பு. வெள்ளை ஆம்புலன்ஸ்களுக்கு நடுவே அது மட்டும் நிறமாக நின்றது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு டாக்டரிடமிருந்து அதை வாங்கி வந்தார். லான்சர் செடியா. அப்போதே ஆறு வருஷம் ஓடிய வண்டி. ஊரில் எல்லாரும் குடும்பத்துக்கு ஆகிற மாதிரி உயரமான வண்டியாக வாங்குவார்கள். இவர் தரையோடு தரையாக உட்காருகிற வண்டியை வாங்கி வந்தார். வேணி ஆறு மாதம் அதில் ஏறவில்லை. வேகப் பூட்டு போட்ட பஸ்ஸில் அறுபதுக்கு மேல் போகாமல் முப்பது வருஷம் ஓட்டுகிறவனுக்கு ஒரு ஆசை இருக்காதா என்று மட்டும் அவர் ஒருநாள் சொன்னார். அதற்கு மேல் விளக்கம் சொல்லவில்லை. வார ஓய்வு நாளில் விடியும் முன்னே எழுந்து புதுச்சேரி ரோட்டில் கிளியனூர் வரை போய்த் திரும்புவார். திரும்பி வந்து வண்டியைத் துடைத்துவிட்டுத்தான் காபி.

அந்த வண்டி ஓடிய நேரத்தைவிட ஷெட்டில் நின்ற நேரம் அதிகம். உதிரிபாகம் சுலபத்தில் கிடைக்காது. சென்னை புதுப்பேட்டையில் ஒரு பழைய வண்டி பிரிக்கிறார்கள் என்று யாராவது சொன்னால், லீவு போட்டுவிட்டுப் போவார். ஒரு தடவை மூணு மாதம் ஒரு சின்ன ரப்பர் புஷ்ஷுக்காக வண்டி நாலு கல்லின் மேல் நின்றது. ஆரோக்கியராஜே, வித்துட்டு வேற எடுங்கண்ணே என்று சொல்லியும் கேட்கவில்லை. பதினைந்து வருஷம் முடிந்து பதிவைப் புதுப்பிக்க வேண்டி வந்தபோது, பொண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிற மாதிரி வண்டியைத் தயார் செய்தார். இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டலாம்னு எழுதிக் குடுத்துட்டாங்க என்று தாளைக் கொண்டுவந்து காட்டினார். அதை லேமினேட் பண்ணாதே, காப்பி மட்டும் போடு என்றார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். இனி வண்டி ஓட்டக் கூடாது என்றார்கள். ஓட்டாமல் நின்றால் பேட்டரி செத்துவிடும் என்று அவர் கவலைப்பட்டதைப் பார்க்கச் சகிக்காமல், ஐம்பத்து மூன்று வயதில் வேணி டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். லைசென்ஸ் வாங்கிய மறுநாள் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு இடதுபக்க முன்சீட்டில் போய் உட்கார்ந்தார். வாரம் ஒருமுறை கிளியனூர் போய் வந்தார்கள். திட்டிக்கொண்டே வருவார். கிளட்ச்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டாதே, எதிர்வண்டி விளக்கைப் பார்க்காதே. திட்டுக்கு நடுவே வேறு பேச்சும் வரும். எந்த ஊரில் எந்தக் கண்டக்டர், மழையில் பஸ் நின்ற கதை, அவள் பிரசவத்தின்போது தான் திருவண்ணாமலை டிரிப்பில் மாட்டிக்கொண்ட கதை. இருபத்தொன்பது வருஷத்தில் அவர்கள் அவ்வளவு பேசியது அந்த வண்டியில்தான்.

விற்பது என்று அவராகவே முடிவு பண்ணினார். நாலு பேர் வந்தார்கள். ஒருவன் பின்பக்கம் சத்தம் போடுகிற குழாய் மாட்டப்போவதாகச் சொன்னான். இன்னொருவர் பிரித்துப் பார்ட்ஸாக விற்க என்றார். எல்லாரையும் அனுப்பிவிட்டார். ஐந்தாவதாக வந்தவர் நூருல்லா. துபாயில் பன்னிரண்டு வருஷம் இருந்து திரும்பியவர். மூன்று தடவை வந்து, ஒவ்வொரு தடவையும் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். வருகிறவர்களிடம் வண்டியின் குறையைத்தான் கோதண்டபாணி முதலில் சொல்லுவார். பின்பக்க இடது கதவு மறுபெயின்ட், ஏசி குளிர்வதற்குப் பத்து நிமிஷம் ஆகும், சன்னல் ஒன்று பாதியில் நிற்கும். நூருல்லா ஒவ்வொன்றையும் போனில் குறித்துக்கொண்டார். அவர் போனதும், இவருக்குத்தான் குடுக்கறோம் என்றார் கோதண்டபாணி. இன்று காலை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து விற்பனைப் படிவங்களில் கையெழுத்துப் போட்டார். தேதியை அங்கே போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தார்.

சின்னதுரை பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தான். உரக்கடை வைத்திருக்கிறவன், காரியக்காரன். அண்ணனைத் திரைக்குப் பின்னால் பார்த்துவிட்டு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அமரர் ஊர்தி, ஐஸ் பெட்டி, பந்தல், மேளம் என்று ஒவ்வொன்றாகப் போனில் சொல்லி முடித்தான். நூருல்லாவுக்கும் அவனே தகவல் சொன்னான். எல்லாம் முடிந்தபின் வேணியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திப் பேசினான்.

“அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. வண்டியில போச்சுன்னு யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காதீங்க. ஆஸ்பத்திரியில வந்து போச்சுன்னே இருக்கட்டும். அப்புறம் அந்த வண்டிய எவனும் தொட மாட்டான்.”

வேணி அவனைப் பார்த்தாள்.

“அண்ணன் கையெழுத்து போட்டு வச்சிட்டாரு இல்ல? நேத்து தேதி போட்டுக்கலாம். ஓடிபி அண்ணன் நம்பருக்குத்தான் வரும், போனு நம்ம கையிலதான் இருக்குது. வாரிசு சர்டிபிகேட்டு அதுஇதுன்னு அலைய ஆரம்பிச்சா வண்டி மழையிலயும் வெயில்லயும் நின்னு மக்கிப்பூடும். அண்ணன் அவருக்குத்தான் குடுக்கணும்னு ஆசைப்பட்டாரு. நானும் அதுக்குத்தான் சொல்றேன்.”

அவன் சொன்னதில் பொய்யில்லை. அவள் கடைக்கு அன்றாடம் வருகிற காகிதங்கள் அவளுக்குத் தெரியும். செத்தவர் பெயரில் நிற்கிற வண்டி, நிலம், கேஸ் கனெக்ஷன், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நகல், எத்தனை நடை என்று தெரியும். தேதி மாறிய தாள்களையும் நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அவள் யாரையும் எதுவும் கேட்டதில்லை. இப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. சின்னதுரை அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு எழுந்து போனான்.

அமரர் ஊர்தியில் அவளை உள்ளே அவர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். செடியாவை ஆரோக்கியராஜ் ஓட்டி வந்தான். பின்கண்ணாடி வழியே அது தெரிந்தது. ஊர்தி நாற்பதில் போனது. ஆரோக்கியராஜும் நாற்பதில் வந்தான். விக்கிரவாண்டியில், கூட்டேரிப்பட்டில், வழியெல்லாம் வண்டிகள் இரண்டையும் தாண்டிப் போயின. செடியா தாண்டவில்லை.

திண்டிவனத்தில் வீட்டுத் தெரு நிறைந்திருந்தது. ஆரோக்கியராஜ் பழக்கத்தில் வண்டியைக் கொண்டுபோய் வீட்டு வாசலில், அது எப்போதும் நிற்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, சாவியை வேணியின் கையில் கொடுத்துவிட்டு மாலை வாங்கப் போய்விட்டான். ஐஸ் பெட்டியைக் கூடத்தில் வைத்தார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். கோதண்டபாணியின் அக்கா கெங்கம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு, வண்டி வண்டின்னு கெடந்தியே தம்பி என்று அழுதாள். வேணி பெட்டியின் மூடியில் பனிபோல் படிந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ அவளை உலுக்கி, அழுதுடு வேணி, அழுதுடு என்றார்கள். அவளும் முயற்சி செய்தாள்.

வெளியே பந்தல்காரர் குரல் கேட்டது. வாசலில் வண்டி நின்றால் கால் நட முடியாது, எடுக்கச் சொல்லுங்க என்றார். சாவி எங்கே, யார் ஓட்டுவார்கள் என்று பேச்சு நடந்தது. சின்னதுரைக்கு ஸ்கூட்டர்தான் தெரியும். இரண்டு பேர் தள்ளிவிடலாம் என்று ஹேண்ட்பிரேக்கோடு தள்ளிப் பார்த்தார்கள்.

வேணி எழுந்தாள். பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். கெங்கம்மாள் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து, இன்னா பண்றே நீ என்று கேட்டாள். வேணி தலைப்பை விடுவித்துக்கொண்டு வெளியே நடந்தாள். தெருவில் ஆண்கள் நாற்காலியிலிருந்து எழுந்து வழிவிட்டார்கள். கதவைத் திறந்து உட்கார்ந்து, சீட்டை ஆரோக்கியராஜின் உயரத்திலிருந்து தன் உயரத்துக்கு இழுத்துக்கொண்டாள். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, வண்டியைப் பின்னால் எடுத்து, தெருமுனை டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

இறங்கியபோது எதிரே நூருல்லா நின்றிருந்தார். கையில் பெரிய ரோஜா மாலை, பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல். காலையில் ஷெட்டுக்கு வந்த அதே சட்டையாக இருக்க வேண்டும், விழுப்புரத்திலிருந்து நேராக வந்திருக்கிறார். அக்கா என்று கூப்பிட்டார். வண்டியைப் பற்றி இப்போது ஒன்றும் யோசிக்க வேண்டாம், மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். சின்னதுரை எல்லாம் சொன்னார், படிவம் தயாராக இருக்கிறதாம் என்றார்.

வேணி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“தம்பி, வண்டியில என்னென்ன கொறைன்னு அவரு ஒங்ககிட்ட சொல்லிட்டாரு. ஒண்ணு மட்டும் சொல்லல.”

நூருல்லா காத்திருந்தார்.

“ஆஸ்பத்திரியில போகல அவரு. இந்த வண்டியிலதான் போனாரு. இந்த முன்சீட்டுல. கையெழுத்தும் இனிமே செல்லாது. வாரிசு சர்டிபிகேட்டு வாங்கித்தான் மாத்தணும். நாலஞ்சு மாசம் ஆவும். வேணான்னா வேணான்னு சொல்லிடுங்க.”

நூருல்லா வண்டிக்குள் பார்த்தார். இடதுபக்க முன்சீட்டு காலியாக இருந்தது. அதில் வேறு ஒன்றுமில்லை. அவர் மாலையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“ரொம்பக் கஷ்டப்பட்டாராக்கா?”

இதை அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. டாக்டர் கேட்கவில்லை, சின்னதுரை கேட்கவில்லை. அவளும் தன்னையே கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

“தெரியல தம்பி,” என்றாள். “என்னப் பாக்காத, ரோட்டைப் பாருன்னாரு. நான் ரோட்டைப் பாத்துக்கினு இருந்தேன்.”

நூருல்லா தலை குனிந்துகொண்டார். வண்டியைப் பற்றி அதற்கப்புறம் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்குள் போய் மாலையைப் போட்டுவிட்டு, ஆண்களோடு ஒரு ஓரமாக நாற்காலி எடுத்துப் போட்டு உட்கார்ந்தார். சங்கவி நாலரை மணிக்கு வந்தாள். ஐந்தரைக்கு எடுத்தார்கள். தெருமுனை திரும்பும்போது ஊர்வலம் டிரான்ஸ்பார்மர் பக்கம் கொஞ்சம் குறுகி, வண்டியை ஒட்டிப் போனது. யாரோ போட்ட பூ அதன் மேல் விழுந்தது. வேணி வாசலிலேயே நின்றாள். நூருல்லா சுடுகாடு வரை போனார் என்று பிறகு சொன்னார்கள்.

மறுநாள் பால் தெளித்துவிட்டு வந்தபின் சின்னதுரை விஷயம் தெரிந்து, கெடுத்துட்டீங்களே அண்ணி என்றான். கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகத்தான் சொன்னான். வேணி அவனுக்குக் காபி ஊற்றிக் கொடுத்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கடையைத் திறந்தாள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழுக்கு மனு, சங்கவியின் சம்மதப் பத்திரம் என்று எதிரே இருந்த தாலுகா ஆபீஸுக்கும் கடைக்கும் நடந்தாள். எண்ணிக்கை தெரிந்த வேலைதான். தன் தாளைத் தானே நகல் எடுத்தாள். நூருல்லாவிடமிருந்து போன் வரவில்லை. சித்திரையில் பார்ட்ஸுக்குக் கேட்டவர் மறுபடி வந்தார். வண்டியைச் சுற்றி வந்து, யோசித்துச் சொல்லுங்க என்று நம்பர் கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் தாளைக் கடையில் ஒரு ஆணியில் குத்தி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கிளியனூர் வரை தனியாகப் போய் வந்தாள். யாரும் திட்டாததால் கிளட்ச்சில் கால் வைத்துக்கொண்டே ஓட்டுகிறோமோ என்று சந்தேகம் வரும். குனிந்து பார்த்துக்கொள்வாள்.

ஆனி மாதம் ஒருநாள் வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. நூருல்லா இறங்கினார். பின்னால் அவருடைய தாயாரைக் கைத்தாங்கலாக இறக்கினார். பருமனான அம்மாள், முழங்கால் வலி. வீட்டில் அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டதாகவும், முதலில் வேண்டாம் என்றவர் இப்போது தானே வந்து பார்க்கிறேன் என்று கிளம்பிவிட்டதாகவும் நூருல்லா சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கூச்சம் இருந்தது.

அந்த அம்மாள் வேணியின் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றார். பிறகு வண்டியின் பக்கம் போய், இடதுபக்க முன்கதவைத் திறக்கச் சொன்னார். வேணி திறந்துவிட்டாள். ரொம்பத் தாழ்வா இருக்குதே என்று சொல்லிக்கொண்டே, மேல் விளிம்பைப் பிடித்து, முதலில் உடம்பையும் அப்புறம் ஒவ்வொரு காலாகவும் உள்ளே கொண்டுபோய், அந்தச் சீட்டில் உட்கார்ந்தார். முக்காட்டைச் சரி செய்துகொண்டார். முதுகைச் சாய்த்துப் பார்த்தார்.

“காத்து வருமாம்மா இதுல?”

“வரும்மா. பத்து நிமிஷம் ஆவும்,” என்றாள் வேணி.

“பத்து நிமிஷந்தானே,” என்றார் அந்த அம்மாள்.

வாரிசுச் சான்றிதழ் அதற்குள் வந்திருந்தது, அடுத்த வாரம் வண்டியின் பெயர் மாறியது. நூருல்லா வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அவர் ஃபைலைக் கேட்டார். எந்த உதிரிபாகம் எந்தக் கடையில் கிடைத்தது என்று கோதண்டபாணி எழுதி வைத்திருந்த பக்கங்களை மட்டும் வேணி நகல் எடுத்துக் கொடுத்தாள். அசலை வைத்துக்கொண்டாள். தெருமுனையில் வண்டி திரும்பும்போது நூருல்லா இண்டிகேட்டர் போட்டார். அவள் உள்ளே வந்து அரிசி களைந்தாள். ராத்திரி சங்கவி போனில் வண்டி போயிடுச்சாம்மா என்று கேட்டாள். போயிடுச்சு என்றாள்.

நாலு நாள் கழித்து, காலை பதினோரு மணி. கடையில் கூட்டம். தாலுகா ஆபீஸில் ஏதோ முகாம் என்று மூன்று நாலு பேர் காகிதத்தோடு நின்றார்கள். வேணியின் போனில் நூருல்லாவிடமிருந்து குரல் செய்தி ஒன்று வந்தது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது இந்த மாதிரி ஒரு சத்தம் வருகிறது, இது எப்பவும் வருகிறதா, புதுசா, கேட்டுச் சொல்லுங்கக்கா என்று சொல்லிவிட்டு, அடுத்து அந்தச் சத்தத்தைப் பிடித்து அனுப்பியிருந்தார்.

அவள் போனைக் காதில் வைத்தாள். கதவு சாத்தும் சத்தம். எங்கோ கோழி. சாவி திரும்பியது. இன்ஜின் இரண்டு மூன்று தடவை உருண்டு, பிடித்துக்கொண்டது. உள்ளே எதுவோ மெல்லத் தட்டுவதுபோல் டக் டக்கென்று ஒன்று கேட்டு, கேட்டு, இடைவெளி கூடி, அடங்கி, பிறகு சீராக ஓடியது.

எப்பவும் வர்றதுதான் தம்பி, சூடானா போயிடும், பயப்படாதீங்க என்று பதில் அனுப்பினாள்.

“எனக்கு முன்னாடி பின்னாடி ரெண்டு காப்பிம்மா,” என்று முன்னால் நின்றவர் ஆதார் கார்டை நீட்டினார்.

வேணி போனைக் கீழே வைக்கவில்லை. சத்தத்தை மறுபடி அழுத்திக் காதில் வைத்துக்கொண்டாள். பதினாறு நொடி. அது முடியும்வரை அவர் கார்டை நீட்டிக்கொண்டே நின்றார்.